இது எந்த மாசம் என்ன குடுக்கும்?

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு புரட்டாசி மாசம், அறுபது மகோகனிக் கன்றுகளை மினி லாரியில் ஏத்திக்கிட்டு மூலனூர் பக்கம் இருக்கும் என் தாய்மாமன் ஊருக்குப் போனேன். வேளாண்காடு பத்தி விழுந்து விழுந்து படிச்சிட்டிருந்த நேரம் அது. பயிரோட மரம், மாட்டோட மரம், வரப்போரம் மரம், கார்பன், மண்வளம். படிச்சதை எங்கேயாவது செஞ்சு பார்க்கணும்னு கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என் பேர்ல நிலம் இல்லை. மாமனுக்கு ஏழு ஏக்கர் இருக்கு.

மாமா கன்றுகளைப் பார்த்தார். ஒரு கன்றைத் தூக்கி இலையைத் தடவினார். "நட்டுக்க மாப்ளே. ஆனா இது எந்த மாசம் என்ன குடுக்கும்?"

"இருபது வருஷத்துல நல்ல விலைக்குப் போகுமுங்க மாமா."

"வருஷம் கேக்கல. மாசம் கேட்டேன்."

அப்ப எனக்கு அந்தக் கேள்வி புரியலை. பெரியவங்க எப்பவும் உடனடி வருமானத்தைத்தான் பார்ப்பாங்கன்னு மனசுக்குள்ள கொஞ்சம் அலட்சியமாக்கூட நினைச்சுக்கிட்டேன். அடுத்த ஆடிக் காத்துக்குப் பிறகு பதினொரு கன்று மிஞ்சியது. இந்த வருஷம் நாலு. அந்த நாலும் இடுப்புயரம் தாண்டலை. அந்த ஏழு ஏக்கரில் நான் நட்டதைத் தவிர இன்னும் நூத்துக்கும் மேல மரங்கள் நிக்குது, அதுல ஒண்ணைக்கூட யாரும் நடலை என்பதை மெதுவாத்தான் கவனிச்சேன். இந்தக் கட்டுரை அந்த மரங்களைப் பத்தினது.

கொறங்காடுன்னு கொங்குப் பக்கம் ஒரு சொல் உண்டு. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அப்படியே கிழக்கே அரவக்குறிச்சி வரைக்கும் போனீங்கன்னா இட்டேரிக்கு ரெண்டு பக்கமும் முள்வேலி, வேலிக்குள்ள புல்லு, புல்லுக்கு நடுவுல குடை விரிச்ச மாதிரி அங்கங்க மரம்னு பார்க்கலாம். பஸ்ஸில் போறவங்க கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் நிலம். எனக்கும் சின்ன வயசில் அப்படித்தான் தெரிஞ்சது. உண்மையில் அது பட்டா நிலம், மேய்ச்சலுக்குன்னே பேணி வைக்கப்பட்டது. இன்றைய ஆராய்ச்சி மொழியில் சொன்னால் மரம், புல், கால்நடை மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் முறை. காங்கயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இப்படிப்பட்ட காடுகளில் மேய்ஞ்சு உருவான இனங்கள்தான்.

ஏன் அங்க இந்த முறை? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து இந்தப் பக்கம் வரும்போது மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வெறும் காத்தா வருது. காத்தாலைக்காரங்களுக்குக் கொண்டாட்டம், பயிருக்குத் திண்டாட்டம். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுல மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் கோடை மழை கொஞ்சம். சரளை கலந்த செம்மண், ஆழம் கிடையாது. இந்த நிலத்தில் வருஷா வருஷம் உழுது விதைச்சா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கையில் ஏதாவது நிக்கும். புல்லை விட்டா வருஷா வருஷம் நிக்கும். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பட்டம் தேவைப்படலை, பசி போதும்.

வேலியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த முறையோட முதுகெலும்பு அதுதான். முள்கிளுவை. மழைக்காலத்தில் போத்து வெட்டி நெருக்கமா ஊன்றினால் வேர் பிடிச்சுக்கும். நாலஞ்சு வருஷத்தில் ஆடு நுழைய முடியாத சுவர். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை கழிச்சு விட்டால் போதும், அப்பன் நட்ட வேலி பேரன் காலத்திலும் நிக்கும். (குக்கில் தரும் மரமும் வெள்ளைப்போளம் தரும் மரமும் இந்தக் கிளுவையோட ஒரே பேரினம். நம்ம ஊர்ல அதுக்கு வேலிக்காரன் உத்தியோகம்தான் கிடைச்சது.) வேலி இருப்பதால ஆடு மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டுட்டு வேற வேலை பார்க்கலாம். அதைவிட முக்கியம், நிலத்தைத் துண்டு துண்டா பிரிக்க முடியுது. மாமாவோட ஏழு ஏக்கர் மூணு காடு. ஒரு காட்டில் ஆடு மேயும்போது மத்த ரெண்டும் ஓய்வில் இருக்கும். புல்லுக்கு வேர் பிடிச்சு எழ நேரம் கிடைக்கும்.

புல்லு, கொழுக்கட்டைப் புல். பல ஆண்டுப் புல், தூர் கட்டி வளரும், மேலே காய்ஞ்சு போனாலும் அடியில் உயிர் இருக்கும், ஒரு மழை போதும் துளிர்க்க. இதே புல்லை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் லட்சக்கணக்கான ஏக்கரில் பரப்பினாங்க. அங்கே மாட்டுப் பண்ணைக்காரங்களுக்கு அது தங்கம், காட்டுயிர் ஆர்வலர்களுக்குக் களை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் நீலக் கொழுக்கட்டையில் கோ 1 என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கு. புல்லோட நரிப்பயறு, செப்புநெருஞ்சி மாதிரி பயறு வகைச் செடிகளும் தானா முளைக்கும், மண்ணில் தழைச்சத்துச் சேர்க்கும். சில வருஷத்துக்கு ஒரு தடவை மாமா ஒரு காட்டை மட்டும் உழுது கொள்ளோ சோளமோ போட்டு எடுத்துட்டு மறுபடி புல்லுக்கே விட்டுடுவார்.

மரம்தான் இந்தக் கதையோட மையம். வெள்வேல மரம். வெளிறின பட்டை, பொடிப்பொடி இலை, தட்டையா விரிஞ்ச தலை. இதோட பட்டையை அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சும்போது ஊறலில் போடுவாங்க. ஆங்கிலத்தில்கூட இதுக்குச் சாராயம் வடிப்பவர் பேரை வெச்சிருக்காங்க. அதை விடுங்க. இந்த மரம் குடுக்கறது காய். பனி முடிஞ்சு வெயில் ஏறும் மாசங்களில் வேலங்காய் முத்திப் பழுப்பாகி உதிரும். மரத்துக்கடியில் ஆடுங்க முட்டி மோதிக்கிட்டுப் பொறுக்கும். மாசிக் கடைசியில் ஒரு தடவை மாமா ஊர்ல தங்கியிருந்தப்ப, காத்து அடிச்சதும் படுத்திருந்த செம்மறி அத்தனையும் எந்திரிச்சு மரத்தைப் பார்த்து ஓடினதைப் பார்த்தேன். காய் விழும் சத்தம் அதுகளுக்கு மணி அடிச்ச மாதிரி.

எந்த மாசம்னு மாமா கேட்டதன் அர்த்தம் அப்பத்தான் உறைச்சது. அந்த மாசம் புல்லு என்ன நிலையில் இருக்குன்னு பாருங்க. கார்த்திகையில் பச்சைப்பசேல். தையில் விதை தட்டி வைக்கோல் ஆகிடும். மாசி, பங்குனியில் நிக்கறது வெறும் காய்ஞ்ச தாள். வயிறு நிறையும், சத்து இல்லை.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கொஞ்சம் விரிவா சொல்லணும். ஆடு, மாடு புல்லைத் தானா செரிக்கறதில்லை. அசையூண் இரைப்பையில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை உடைச்சுக் குடுக்குது. அந்த நுண்ணுயிர்களுக்குப் புரதச்சத்து வேணும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனா அதுகளோட வேலை மந்தமாகிடும். நார் உடையாம வயித்திலேயே தங்கும், ஆடு அடுத்த வாய் மேயாது. அதாவது காடு நிறையக் காய்ஞ்ச புல் இருந்தும் ஆடு மெலியும். வெப்பமண்டலப் புற்கள் முத்திக் காயும்போது இந்த வரம்புக்குக் கீழே போறது சாதாரணம். அந்த நேரத்தில் தினமும் கொஞ்சம் வேலங்காய் உள்ளே போனால், அது குடுக்கற புரதம் நுண்ணுயிருக்குத் தீனி. காய்ஞ்ச தாளும் தீவனமாகிடுது. நம்ம வீட்டில் வெறும் சோத்துக்குத் தொட்டுக்க ஏதாவது கிடைச்சா சோறு இறங்கற மாதிரி. காயோட எடையை மட்டும் நிறுத்துப் பார்த்தா இந்தக் கணக்குப் பிடிபடாது. அது மத்த தீவனத்தை வேலை செய்ய வைக்குது.

எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். வெள்வேலில் சயனைடு சேர்மங்கள் உண்டு. பட்டினியாக் கிடந்த ஆட்டுக்குப் பச்சையை வெட்டிக் குவிச்சுப் போட்டா ஆபத்து. முத்தி உதிர்ந்ததைப் புல்லோட புல்லாப் பொறுக்கித் தின்னட்டும்னு விடறதுதான் மாமா வழக்கம்.

சரி, யாரும் நடாம மரம் எப்படி வந்துச்சு? ஆடுதான் நடுது. வேலங்கொட்டைக்குத் தோல் கெட்டி, சும்மா மண்ணில் போட்டா லேசில் முளைக்காது. ஆட்டு வயித்துக்குள்ள போய் ஊறி, புழுக்கையோட வெளியே வரும்போது தோல் இளகியிருக்கும், பக்கத்திலேயே எருவும் இருக்கும். மழைக்கு முளைக்கும். மாமா வேலை அதுக்கப்புறம்தான்: எதை விடறது, எதைப் பிடுங்கறது. அவர் விதி ஒண்ணே ஒண்ணு. ஒரு மரத்து நிழல் இன்னொரு மரத்து நிழல் மேல ஏறக்கூடாது. ஏறினா அடியில் புல் செத்துடும். வயசான மரத்தை வெட்டி வித்துக்கலாம், பக்கத்தில் ஒரு கன்று தயாரா நிக்கும். என் மகோகனிக்கு நான் குழி வெட்டி, உரம் போட்டு, குடம் குடமாத் தண்ணி ஊத்தினேன். இந்த மரங்களுக்கு யாரும் ஒரு சொட்டு ஊத்தலை.

சீமைக்கருவேலமும் இதே வழியில்தான் பரவுது என்பதையும் சொல்லிடணும். அதோட காயும் ஆட்டுக்கு இனிப்பு, அதோட விதையும் புழுக்கையில்தான் பயணம் போகுது. ஆட்டுக்கு நல்ல மரம், கெட்ட மரம் தெரியாது. ஆள் நடந்து பார்த்துப் பிடுங்காத கொறங்காடு பத்து வருஷத்தில் சீமைக்கருவேலங்காடு ஆகிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிள்ளைங்க எல்லாம் வெளியூர் போயாச்சு, அவர் காட்டைப் பார்த்தாலே தெரியும்.

மாசக் கணக்கில் மரத்தைப் பார்க்கும் இந்தப் புத்தி நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே நைஜர், செனெகல், மாலி நாடுகளில் கம்பு, சோளக் கொல்லை நடுவே ஒரு வேல மரம் நிக்கும். அறிவியல் பேர் ஃபைதர்பியா அல்பிடா, ஹவுசா மொழியில் கவோ. மத்த மரங்கள் மழையில் தழைச்சுக் கோடையில் இலை உதிர்க்கும். இது தலைகீழ். மழை ஆரம்பிச்சதும் இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். அடியில் கம்புக்கு முழு வெளிச்சம், உதிர்ந்த இலை உரம். மழை நின்னு அறுவடை முடிஞ்சு ஊரே வறண்டு கிடக்கும்போது இது பச்சையா நிக்கும், காய் குடுக்கும், மாட்டுக்கு நிழல் குடுக்கும். பயிரும் மரமும் ஒரே வீட்டில் ஷிப்ட் போட்டுக் குடியிருக்கற மாதிரி.

நைஜர் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அங்கே காலனி ஆட்சியில் இருந்து தொடர்ந்த சட்டப்படி மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். தன் கொல்லையில் நிக்கும் மரத்தை விவசாயி கழிச்சாலே அபராதம். அப்ப யார் கன்றை வளர விடுவாங்க? முளையிலேயே வெட்டிட்டாங்க, நிலம் மொட்டையாச்சு. 1980-களின் தொடக்கத்தில் மராதி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் கன்று நடும் திட்டத்தில் இருந்தார். நட்ட கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போச்சு (படிச்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு). 1983-ல் வழியோரம் புதர்ன்னு நினைச்ச ஒண்ணை உத்துப் பார்த்தப்ப, அது வெட்டின மரத்தோட அடிக்கட்டையில் இருந்து வந்த துளிர்னு அவருக்குப் புரிஞ்சது. மண்ணுக்கடியில் ஒரு காடே உயிரோட இருந்திருக்கு. நட வேண்டாம், துளிரில் நல்லதை விட்டு மத்ததைக் கழிச்சா போதும். சட்டம் நடைமுறையில் தளர்ந்து, மரம் தனக்குத்தான்னு விவசாயிக்கு நம்பிக்கை வந்த பிறகு, இருபது வருஷத்தில் அது சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவினதாச் செயற்கைக்கோள் படங்களை வெச்சு மதிப்பிட்டிருக்காங்க. ரினாடோவுக்கு 2018-ல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைச்சது.

இந்தியா 2014-ல் தேசிய வேளாண்காடு கொள்கை கொண்டுவந்தது. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் எடுத்துட்டுப் போகவும் இருக்கும் கட்டுப்பாடுகளே விவசாயி மரம் வளர்க்கத் தயங்கக் காரணம்னு அதுவே ஒத்துக்குது. நம்ம மாநிலத்தில் 2002 வரைக்கும் பட்டா நிலத்துச் சந்தன மரம் அரசாங்கத்துக்குச் சொந்தமா இருந்ததை நினைச்சுப் பாருங்க. வெள்வேலுக்கு அந்தச் சிக்கல் வரலை. அதோட சிக்கல் வேற, அது யார் கணக்கிலும் வர்றதில்லை.

அரசாங்கப் புள்ளிவிவரத்தில் நிலத்தை ஒன்பது வகையாப் பிரிக்கறாங்க. காடு, பயிர் செய்த பரப்பு, நடப்புத் தரிசு, இதர தரிசு, சாகுபடிக்கு ஏற்ற தரிசு, நிரந்தர மேய்ச்சல் நிலம், தோப்பு, இன்ன பிற. பட்டாவில் இருக்கு, விதைக்கலை, மரம் இருக்கு ஆனா தோப்பு இல்லை, மேயுது ஆனா ஊர்ப் பொதுநிலம் இல்லை. மாமன் காடு இதில் எங்கே வரும்னு நீங்களே சொல்லுங்க.

வீட்டுக் கணக்கிலும் இதே கதைதான். மாமா மகன், என் மச்சான், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கார். போன தை மாசம் எக்செல்லில் ஒரு தாள் போட்டுக் காட்டினார். வரவில் வருஷத்துக்கு வித்த குட்டி. செலவில் எதுவுமே இல்லை. ஏக்கருக்குன்னு வகுத்தால் ஒரு சோலார் கம்பெனி தர்றதாச் சொன்ன குத்தகைக்குப் பக்கத்தில்கூட நிக்கலை. "செலவு ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா மச்சான்?"னு கேட்டேன். பங்குனியில் அடர்தீவனமும் தட்டும் விலைக்கு வாங்கற ஆளுங்க கணக்கை எடுத்துப் பக்கத்தில் வெச்சோம். அவங்க செலவு செய்யற இடத்தில்தான் இந்த மரங்களோட வருமானம் ஒளிஞ்சிருக்கு. வாங்காத மூட்டைக்கு ரசீது கிடையாதே.

அவர் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. மாமாவுக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. கழிக்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்கறதில்லை. கொஞ்ச வருஷமா தெருநாய்கள் கூட்டமாப் பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கடிச்சுப் போடறது இந்தப் பக்கம் பெரிய தொல்லை. மாமாவும் ஒரே ராத்திரியில் ஆறு ஆடு இழந்திருக்கார். கிளுவை வேலி ஆட்டை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது.

தென்னை வைக்கலாமான்னும் பேச்சு வந்தது. அதை மட்டும் காகிதத்திலேயே முடிச்சோம். 25 அடிக்கு ஒண்ணுன்னா ஏக்கருக்கு 70 மரம், ஏழு ஏக்கருக்கு 490. சொட்டுநீர் போட்டாலும் வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 65 லிட்டராவது வேணும்னு பரிந்துரை. பெருக்கினால் தினமும் கிட்டத்தட்ட 32,000 லிட்டர். சுத்துவட்டாரத்தில் ஆயிரம் அடி போட்டும் புகை வந்த போர்வெல்லுங்க எத்தனைன்னு மச்சானுக்கே தெரியும். தாளை மடிச்சு வெச்சுட்டார்.

கடைசியில் ரோட்டோரம் இருக்கும் ரெண்டு ஏக்கர் காட்டை மட்டும் சோலாருக்குக் குத்தகை விடறதா முடிவாச்சு. சின்ன இழப்பு மாதிரித் தெரியும். மூணு காடு இருந்தப்ப ஒவ்வொண்ணும் மூணில் ரெண்டு பங்கு நேரம் ஓய்வில் இருந்துச்சு. இனி ரெண்டே காடு, ஓய்வு பாதி நேரம்தான். அதனால ஆட்டை இருபதில் இருந்து பன்னெண்டாக் குறைக்கறேன்னு மாமா சொல்லிட்டார். "இல்லாட்டி ரெண்டு வருசத்துல புல்லு ஓஞ்சிரும் மாப்ளே." நான் குத்தகைக்குப் போற காட்டை மட்டும் கூட்டிக் கழிச்சுட்டிருந்தேன், அவர் மீதி ரெண்டோட புல்லுக்குக் கணக்குப் போட்டுட்டார்.

போன வாரம் போனப்ப அந்த ரோட்டோரக் காட்டில் ஜேசிபி இன்னும் வரலை. ஆட்டையெல்லாம் ராத்திரி அங்கே விட்டுட்டு, காலையில் மத்த ரெண்டு காட்டுக்கும் மாத்தி மாத்தி ஓட்டிட்டிருந்தார். ஏனுங் மாமா, அங்கதான் புல்லே இல்லையேன்னு கேட்டேன். அந்தக் காட்டு மரம் மூணு காட்டிலேயும் நல்ல காய்ப்பு மரம், வெட்டறதுக்குள்ள எவ்வளவு கொட்டையைச் சுமந்துட்டு வந்து இங்கே போடுதோ போடட்டும்னு சொன்னார். ஐப்பசி மழைக்குப் பிறகு போய் எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணிட்டு வந்து எழுதறேன்.